நாய் நம் செல்லத்தைக் கடித்துவிட்டால்: பிரிப்பது, காப்பாற்றுவது, பொறுப்பேற்பது

எங்கள் நாய் டிங்குவை இன்னொரு நாய் கடித்த அன்று, அவன் முதுகில் இரண்டே இரண்டு ஓட்டைகள்தான். பேனா முனையால் குத்தியதுபோலச் சின்னதாக இருந்தன. ரத்தமும் பெரிதாக வரவில்லை. "தப்பிச்சிட்டடா" என்று தட்டிக்கொடுத்து, பஞ்சால் துடைத்துவிட்டுப் படுக்கவைத்தேன். இரவு பத்து மணிக்கு மேல் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காலை வரை பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் டாக்டர் முடியை மழித்ததும் பார்த்தால், முதுகின் ஒரு பக்கம் முழுக்கக் கருநீலம். உள்ளே சதை கிழிந்து, விலா எலும்பு ஒன்று முறிந்திருந்தது.

மூன்று வருடம் கழித்துக் கதை தலைகீழானது. சரியாகத் தாழ் போடாத கேட்டைத் தள்ளிக்கொண்டு போன எங்கள் பெரிய நாய் கருப்பன், பக்கத்துத் தெருவில் ஒரு குட்டை நாயைக் கவ்விவிட்டான். ஆக, கடி வாங்கிய பக்கம், கடித்த பக்கம் இரண்டிலும் நின்ற அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். முதல்முறையாக நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் சம்பவம் நடப்பதற்கு முன்பே ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது படிக்க நேரம் இருக்காது.

படி 1: வருவதை முன்கூட்டியே பாருங்கள்

குரைக்கிற நாயைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுவார்கள். நான் பயப்படுவது திடீரென்று அமைதியாகிற நாய்க்கு. வாய் மூடியிருக்கும், உடம்பு கட்டைபோல விறைத்திருக்கும், கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், வால் மேலே தூக்கி லேசாக அதிரும். வாலை ஆட்டினாலே நட்புதான் என்று நினைப்பது தவறு. விளையாட வரும் நாய் உடம்பு முழுக்க நெளிந்துகொண்டு, வளைந்து வளைந்து வரும். சண்டைக்கு வருவது நேர்கோட்டில் வரும்.

அப்படி ஒன்று வந்தால் ஓடாதீர்கள். சின்ன நாய் கீச்சிட்டு ஓடினால் பெரிய நாய்க்குத் துரத்தும் புத்தி வந்துவிடும். உங்கள் நாயைப் பின்னால் தள்ளி, நடுவில் நீங்கள் நில்லுங்கள். கையில் தின்பண்டம் இருந்தால் ஒரு கைப்பிடி அள்ளி வருகிற நாயின் முகத்துக்கு நேராக வீசுங்கள். பல நாய்கள் குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிடும், அந்தச் சில நொடி போதும். குடை இருந்தால் முன்னால் பிடித்து விரியுங்கள். கனத்த குரலில் "உட்கார்!" என்று அதட்டினால்கூடச் சில நாய்கள் பழக்கதோஷத்தில் நின்றுவிடும்.

சின்ன நாயைத் தூக்கிக்கொள்ளலாமா? தூக்குவதென்றால் எதிர் நாய் தூரத்தில் இருக்கும்போதே தூக்கிவிட வேண்டும். பக்கத்தில் வந்த பிறகு தூக்கினால் அது உங்கள் மேல் பாயும், கடி உங்கள் கைக்கு விழும்.

படி 2: பிரிக்கும்போது கையைத் தலைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள்

எல்லோரும் செய்கிற முதல் தவறு, கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டுவது. அந்த வெறியில் நாய்க்கு யார் கை என்று தெரியாது. உங்கள் சொந்த நாயே திரும்பிக் கடிக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல உங்களைப் பார்க்கும், அதன் மேல் தப்பில்லை.

முதலில் தொடாமல் முயலுங்கள். குழாய் அருகில் இருந்தால் மூக்கையும் கண்ணையும் குறிவைத்துத் தண்ணீர் பீய்ச்சுங்கள், இல்லையென்றால் ஒரு வாளி தண்ணீரை முகத்தில் வீசி ஊற்றுங்கள். தகரத்தைத் தட்டுவதுபோன்ற பெரிய சத்தம் சில சமயம் வேலை செய்யும். இரண்டுக்கும் நடுவே நாற்காலி, பலகை, பெரிய அட்டைப்பெட்டி எதையாவது நுழைக்கலாம். போர்வையை மேலே போட்டு மூடினாலும் குழம்பி விடும்.

இதற்கெல்லாம் மசியாவிட்டால் தள்ளுவண்டி முறை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடைக்கு மேல் பிடித்து, தள்ளுவண்டியைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பின்னால் நடக்க வேண்டும். நேராக இழுத்துக்கொண்டே நின்றால் நாய் திரும்பி உங்கள் கையை எட்டிவிடும். அதனால் வட்டமடித்தபடி பின்வாங்குங்கள். அப்போது அது விழாமலிருக்க முன்னங்காலை எடுத்து வைப்பதிலேயே குறியாக இருக்கும். கதவுக்குப் பின்னாலோ வண்டிக்குள்ளோ போய்ச் சேரும்வரை விடக்கூடாது. விட்டால் மறுபடி பாயும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. கவ்விக்கொண்டு விடாமல் இருக்கும் நாயை இழுக்காதீர்கள். இழுத்தால் பல் சதையோடு சேர்ந்து வரும். குலுக்கவிடாமல் அசையாது பிடித்து வைத்து, வாய் தளரும் கணத்துக்குக் காத்திருந்து அப்புறம்தான் பிரிக்க வேண்டும். எதற்கும் மசியாத பிடி என்றால் கடைசி வழியாக, கடிக்கும் நாயின் பின்புறம் நின்று அதன் கழுத்துப்பட்டையை முறுக்கி இறுக்குவார்கள். மூச்சுக்காக அது வாயைத் திறக்கும், திறந்ததும் பட்டையைத் தளர்த்திப் பின்னால் இழுத்துவிட வேண்டும். தைரியமும் உடல் பலமும் உள்ளவர்களுக்கு மட்டும் இது. குழந்தைகள் யாரும் கிட்டே வரக்கூடாது.

அடிப்பதும் உதைப்பதும் பெரும்பாலும் வெறியைத்தான் கூட்டும். கூடி நின்று "அடி, அடி" என்று கத்துகிறவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காலைப் பிடிக்கச் சொல்லுங்கள், அது உருப்படியான வேலை.

படி 3: ஓட்டை சின்னது, காயம் பெரியது

டிங்கு விஷயத்தில் நான் ஏமாந்தது இங்கேதான். நாயின் தோல் சதையோடு ஒட்டாமல் தளர்வாக நகரும். கோரைப்பல் ஒரு சின்னத் துளை போட்டு உள்ளே போகிறது, பிறகு கடித்த நாய் தலையை உதறுகிறது. தோல் கூடவே நகர்ந்து தப்பித்துவிடும். அடியில் இருக்கும் சதையும் நரம்பும்தான் கிழியும். சின்ன நாயையும் பூனையையும் தூக்கிக் குலுக்கியிருந்தால் விலா முறியலாம், நுரையீரல் நசுங்கலாம், வயிற்றுச் சுவர் பிளந்து குடல் தோலுக்கடியில் வந்து நிற்கலாம். இத்தனை நடந்தும் வெளியே முடி மூடியிருக்கும். எச்சில் பட்டு நனைந்து, திரித்திரியாக ஒட்டியிருக்கிற முடியைக் கண்டால் அதன் அடியில் விரலால் விலக்கிப் பாருங்கள். துளை அங்கேதான் இருக்கும்.

பார்க்க வேண்டியவை: மேலுதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். ஈறு கறுப்பான நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உட்பக்கம் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தால், நிறம் திரும்ப நேரமானால், அது உடம்பில் ரத்த ஓட்டம் குறைந்துபோகும் அதிர்ச்சி நிலை (ஷாக்). உடனே கிளம்புங்கள். சண்டை முடிந்ததும் மூச்சிரைப்பது சகஜம். அடங்கிப் படுத்த பிறகும் மூச்சு நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டினால் சகஜமில்லை. பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். குறைந்தது ஐந்து நிமிடம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்று வையுங்கள். சாதாரணக் காயத்தை உப்பு நீரால் கழுவலாம். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஒரு டீஸ்பூன் உப்பு. மார்பில் காயம் இருந்தாலோ வயிறு திறந்திருந்தாலோ கழுவவே கூடாது. மார்பில் காற்று போய்வரும் துளை இருந்தால் சுத்தமான பிளாஸ்டிக் தாளால் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள், உப்பு நீரில் நனைத்த துணியால் மூடுங்கள். பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சண்டையில் கண்ணே பிதுங்கி வெளியே வந்துவிடும். அதற்கும் இதே நனைத்த துணிதான். சீக்கிரம் போனால் சில சமயம் கண்ணைக் காப்பாற்ற முடியும்.

நம் மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகளும் பூனைக்கு ஆகாது. பொடி எதையும் அப்ப வேண்டாம், டாக்டருக்குச் சுரண்டி எடுப்பதே ஒரு வேலையாகிவிடும்.

படி 4: நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் டாக்டரிடம்

வலியில் எந்த நாயும் கடிக்கும். நீளமான துணியை மூக்கின் மேல் ஒரு சுற்றுப் போட்டுத் தாடைக்கடியில் குறுக்கிட்டு, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். மூச்சுத் திணறல், வாந்தி, சப்பை மூக்கு மூன்றில் ஒன்று இருந்தாலும் கட்டக்கூடாது. அடிபட்டதைக் கையில் வளைத்துத் தூக்காமல் பலகை மேலோ விரித்த போர்வை மேலோ கிடத்திக் கொண்டுபோங்கள். சாப்பாடு கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம்.

அங்கே காயத்தைத் தைக்காமல் திறந்து விட்டாலோ, ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி வைத்தாலோ பதற வேண்டாம். கடிவாயில் கிருமி நிறைய இருக்கும். மேலே தைத்து மூடினால் உள்ளே சீழ் கட்டும். சில நாள் கழித்து வீக்கம், காய்ச்சல், நாற்றம் வந்தால் மறுபடி காட்டுங்கள்.

படி 5: ரேபிஸை மறக்காதீர்கள்

பிரிக்கப் போன பதற்றத்தில் தன் கையில் பட்ட கீறலை யாரும் பார்ப்பதில்லை. பல் பட்டிருந்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துத்தான் கழுவ வேண்டும், நாமாக நினைக்கும் பதினைந்து நிமிடம் பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான். அப்புறம் அன்றைக்கே மருத்துவமனை. ஊசி தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸுக்குப் பெரும்பாலும் மீட்சி கிடையாது.

கடிபட்ட செல்லத்துக்கு ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தாலும் கூடுதல் ஊசி ஒன்று போடச் சொல்வார்கள். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும். கடிக்கும்போது அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருந்தால், அந்தப் பத்து நாளுக்குள் அதற்கே நோய் தெரிந்துவிடும்.

படி 6: கோபத்துக்கு முன் விவரம்

கடித்த நாயின் உரிமையாளர் பெயர், தொலைபேசி எண், தடுப்பூசி அட்டையின் படம். நடந்த இடம், நேரம், பார்த்தவர்கள் யார், பக்கத்தில் கேமரா உண்டா. காயத்தை மழிப்பதற்கு முன்பும் பின்பும் படம். டாக்டரின் எழுத்துப்பூர்வ அறிக்கை, எல்லா ரசீதுகளும். பேசியதை அன்றே ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள்: "இன்று மாலை நடந்தது இது, சிகிச்சைச் செலவை ஏற்பதாகச் சொன்னீர்கள்." சண்டை போடுகிற தொனி வேண்டாம். சட்டம் ஊருக்கு ஊர் மாறும். பல இடங்களில் செல்லப்பிராணி சட்டத்தின் கண்ணில் ஓர் உடைமைதான். மனவேதனைக்கு ஈடு கிடைப்பது அரிது, மருத்துவச் செலவைக் கேட்பது எளிது. அதற்கு ரசீதுதான் பேசும். உரிமையாளர் மழுப்பினாலோ, அதே நாய் முன்பும் கடித்திருந்தாலோ உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

படி 7: கடித்தது உங்கள் நாயா?

"எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க." இதைச் சொல்லாதவர் யார்? நானும் சொன்னேன். அன்று கருப்பனை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியதும், கொஞ்ச நேரம் வெளியே போகாமல் இருந்துவிடலாமா என்றுதான் மனம் முதலில் போனது. வெளியே அந்த அக்கா தன் நாயை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். புடவை முந்தானையால் காயத்தைப் பொத்தியிருந்தார்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் உங்கள் நாயை அடைத்துவிட்டு, உடனே திரும்பி வாருங்கள். "உங்க நாய்தான் முதல்ல குரைச்சது" என்று ஆரம்பிக்காதீர்கள். வண்டியை எடுங்கள், அவர்களை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி அட்டையை நீங்களாகவே நீட்டுங்கள், செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் நாள் செலவோடு முடியாது. கட்டு மாற்றுவதும் மறுபரிசோதனையும் அதில் சேர்ந்ததுதான். அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நாளைக்கு நான் இந்தப் பக்கம் நடக்கலாமா தம்பி?" பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்து உங்கள் நாயை டாக்டரிடம் காட்டுங்கள். இதுவரை சாதுவாக இருந்தது திடீரென்று கடித்தால் மூட்டு வலி, காது வலி என்று ஏதாவது இருக்கலாம். கடியின் ஆழத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கால்நடை மருத்துவர் இயான் டன்பார் மனிதரைக் கடிக்கும் கடிகளை ஆறு நிலைகளாகப் பிரித்தார். பல் படாத மிரட்டல் முதல் நிலை, கோரைப்பல்லில் பாதிக்கு மேல் ஆழமாக இறங்கினால் நான்காம் நிலை, மரணம் ஆறு. நாய்ச் சண்டைக்கும் அந்தப் பார்வை உதவும். சத்தமும் எச்சிலுமாக முடிந்த சண்டை வேறு, ஆழமாகக் கடித்து உதறியது வேறு. இரண்டாவது வகை என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நாய் நடத்தை நிபுணரைப் பாருங்கள்.

அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமுவதைத்தான் நிறுத்தும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிக்கும்.

வெளியே போகும்போது 2 மீட்டருக்கு மேல் நீளாத பிடிகயிறு (லீஷ்). பொத்தானை அழுத்தினால் நீளும் வகையைத் தூக்கிப் போட்டுவிடலாம், அதில் ஒரு பெரிய நாயை நிறுத்தவே முடியாது. கூடை வடிவ வாய்க்கூடு பழக்குங்கள். அதைப் போட்டாலும் நாயால் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். முதல் நாளே மாட்டிவிடக்கூடாது. உள்ளே தின்பண்டம் வைத்து அதுவாக மூக்கை விடப் பழக்க வேண்டும், வாரை மாட்டுவது அப்புறம். கருப்பனுக்கு மூன்று வாரம் ஆனது.

படி 8: கடிபட்டதை மறுபடி வெளியே கூட்டிப்போவது

காயம் ஆறியதும் அதே தெருவில் அதே நேரத்தில் நடத்தி "பயத்தைப் போக்க" நினைக்காதீர்கள். வேறு பாதை, ஆள் குறைந்த நேரம். வேறு நாய் கண்ணில் பட்டும் உங்கள் நாய் தின்பண்டம் வாங்கித் தின்கிற தூரம் எதுவோ, அதுதான் இப்போதைக்குச் சரியான தூரம். தின்ன மறுத்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், திரும்பிவிடுங்கள். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஒரே வீட்டு நாய்கள் இரண்டு சண்டையிட்டிருந்தால் தனித்தனி அறை, தனித்தனி சாப்பாட்டுத் தட்டு. பிறகு இரண்டு பேர் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, இடைவெளிவிட்டு ஒரே திசையில் நடத்துவதிலிருந்து தொடங்குங்கள்.

டிங்கு இன்றும் கறுப்பு நாய் எதிரே வந்தால் என் காலுக்குப் பின்னால் போய்விடுவான். வீட்டில் கருப்பனோடு ஒரே பாயில் படுத்துத் தூங்குகிறவன்தான். தெருவில் மட்டும் அப்படி. நானும் சாலையின் மறுபக்கம் போய்விடுவேன்.