ஹோட்டல் பாயின்ட்: சேர்ப்பதிலும் செலவழிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேரியட் ஹோட்டல் குழுமத்தில் தங்குவதற்குப் பாயின்ட் தரும் உறுப்பினர் திட்டமான மேரியட் போன்வாய் கணக்கில் உங்களுக்கு 15,000 பாயின்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு ஹோட்டல் அறைக்கு செவ்வாய்க்கிழமை வாடகை 8,100 ரூபாய். 7,500 ரூபாயைத் தாண்டிய வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் மொத்தம் 9,558 ரூபாய். அதே அறைக்கு ஞாயிற்றுக்கிழமை வாடகை 5,400 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், மொத்தம் 5,670 ரூபாய். இரண்டு நாளுக்கும் செயலி கேட்பது 15,000 பாயின்ட் என்றால், செவ்வாய்க்கிழமை ஒரு பாயின்ட் உங்களுக்கு 64 பைசா சம்பாதித்துத் தருகிறது, ஞாயிற்றுக்கிழமை 38 பைசா.

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, இந்த வகுத்தலைப் போடாமல் "ஃப்ரீயாக ஒரு நாள் கிடைக்கிறதே" என்று பாயின்ட்டை அழுத்திவிடுவது. பாயின்ட் ஃப்ரீ இல்லை. யாரோ எப்போதோ கட்டிய பில்லில் இருந்து வந்த பணம் அது. அதனால் ஒவ்வொரு முறையும் கணக்குப் போடுங்கள். வரியோடு சேர்த்த வாடகையை எடுத்துக்கொண்டு, பாயின்ட்டில் தங்கினாலும் கைக்காசாகக் கட்ட வேண்டியதைக் கழித்து, மீதியைக் கேட்கப்படும் பாயின்ட்டால் வகுக்க வேண்டும். ஒப்பிட எடுக்கும் வாடகையும் அதே கேன்சல் விதி உள்ள வாடகையாக இருக்கட்டும். திரும்பப் பெற முடியாத மலிவு வாடகை ஒரு ரகம், கடைசி நாள்வரை ரத்து செய்யக்கூடிய வாடகை இன்னொரு ரகம்.

இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் ஒரு படி மேலே போகலாம். பணம் கட்டித் தங்கினால் புதிதாகப் பாயின்ட் சேரும், பாயின்ட்டில் தங்கினால் சேராது. போன்வாயின் பெரும்பாலான பிராண்டுகளில் ஒரு டாலருக்கு 10 பாயின்ட். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 8,100 ரூபாய் வாடகைக்கு 900 பாயின்ட். அதையும் சேர்த்து 15,900-ஆல் வகுத்தால் 64 பைசா 60 பைசாவாக இறங்கும். போன்வாய் பாயின்ட்டைப் பொறுத்தவரை எங்கள் அளவுகோல் இதுதான்: 50 பைசாவுக்குக் கீழே போனால் பணம் கட்டிவிடுங்கள், 70 பைசாவைத் தாண்டினால் தயங்காமல் பாயின்ட்டை எடுங்கள். மேரியட்டே பாயின்ட்டைப் பணத்துக்கு விற்கும் விலை 1,000 பாயின்ட்டுக்கு 12.50 டாலர், அதாவது ஒரு பாயின்ட் ஒரு ரூபாய்க்கும் மேல். சலுகை இல்லாத நாளில் அந்த விலைக்கு வாங்குவது நஷ்டம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு நிறுவனத்தின் பாயின்ட்டும் தனி நாணயம். ஹில்டனில் 15,000 என்பதும் ஹயாத்தில் 15,000 என்பதும் யென்னும் டாலரும் போல. ஹயாத் ஒரு டாலருக்கு 5 பாயின்ட்தான் தருகிறது, ஆனால் அறைக்குக் கேட்பதும் குறைவு. அக்கோர் மட்டும் வேறு வழி: 2,000 பாயின்ட்டுக்கு பில்லில் 40 யூரோ கழிவு என்று விலை கட்டிவைத்திருக்கிறது. அங்கே எந்த நாள் எடுத்தாலும் மதிப்பு ஒன்றுதான், காத்திருந்து பயனில்லை.

சேர்த்து வைப்பது சேமிப்பு ஆகாது

வங்கி வைப்புக்கு வட்டி உண்டு, பாயின்ட்டுக்குக் கிடையாது. அதன் மதிப்பு எதிர்ப்பக்கம்தான் நகர்கிறது. இந்த ஹோட்டலுக்கு இத்தனை பாயின்ட் என்று முன்பு மேரியட் வைத்திருந்த நிலையான பட்டியல் 2022-இல் கைவிடப்பட்டது. அன்றிலிருந்து வாடகை ஏறினால் பாயின்ட் விலையும் ஏறலாம். அறுபதாம் கல்யாணத்துக்கு மாலத்தீவு போகலாம் என்று பத்து வருடம் சேர்த்து வைப்பவர், போகும் வருடத்தில் விலை இரட்டிப்பாகியிருப்பதைத்தான் பார்ப்பார். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் போகப்போகிற பயணத்துக்குச் சேர்ப்பதே சரி.

விலை மாறிக்கொண்டே இருப்பதில் உங்களுக்கும் ஒரு வசதி இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. பாயின்ட்டில் பதிவு செய்த அறையைக் கெடு தேதிக்குள் ரத்து செய்தால் பாயின்ட் முழுதாகத் திரும்பும். ஆகவே தேதி முடிவானதும் பதிவு செய்துவிடுங்கள். பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை அதே தேதிக்குத் தேடிப் பாருங்கள். 25,000 கேட்டது 19,000 ஆகியிருந்தால் புதிதாக ஒன்று பதிவு செய்து, உறுதி வந்தபின் பழையதை ரத்து செய்யுங்கள். வரிசையை மாற்றிச் செய்து, இடையில் அறை தீர்ந்துபோனால் இரண்டும் போய்விடும்.

நான்கு இரவோடு நிறுத்துவது

போன்வாயில் ஐந்து இரவு பாயின்ட்டில் எடுத்தால் நான்குக்குத்தான் கழிப்பார்கள். ஐந்தில் எந்த இரவின் விலை குறைவோ அது இலவசம். இரவுகள் 20,000, 20,000, 22,000, 25,000, 18,000 என்று இருந்தால் கூட்டுத்தொகை 1,05,000, கழிவது 87,000. முதல் நான்கு இரவு மட்டும் எடுத்தாலும் 87,000தான். அதாவது நான்கு நாள் பயணம் போகிறவர் ஐந்தாவது நாளை வாசலில் விட்டுவிட்டு வருகிறார்.

இது கிடைக்க ஐந்து இரவும் ஒரே ஹோட்டலில், தொடர்ச்சியாக, ஒரே பதிவாக இருக்க வேண்டும். கணவர் கணக்கில் மூன்று இரவு, மனைவி கணக்கில் இரண்டு இரவு என்று பிரித்தால் கிடைக்காது. அப்படி இருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் முதலில் ஒரே கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஒருவர் வருடத்துக்கு 1,00,000 பாயின்ட் வரை இன்னொருவருக்கு அனுப்பலாம். ஹில்டனிலும் ஐந்தாவது இரவு உண்டு, ஆனால் சில்வர் அல்லது அதற்கு மேலான நிலை (அடிக்கடி தங்குபவர்களுக்குத் தரும் உறுப்பினர் தரம்) இருப்பவர்களுக்கு மட்டும்.

எங்கே பதிவு செய்தீர்கள் என்பதுதான் பாயின்ட்டைத் தீர்மானிக்கிறது

பயணத் தளங்கள் வழியாகப் பதிவு செய்துவிட்டு, செக்-இன் மேசையில் உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால் பாயின்ட் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அநேகம். அறை வாடகைக்கு வராது, அந்த இரவு நிலைக் கணக்கிலும் சேராது. ஹோட்டலின் சொந்தத் தளம், செயலி, தொலைபேசி, அல்லது உங்கள் அலுவலகம் ஹோட்டலோடு பேசிவைத்த கார்ப்பரேட் வாடகை, இவைதான் பாதுகாப்பான வழி. அலுவலகம் பில் கட்டினாலும் தங்கியவர் கணக்கில் பாயின்ட் சேரும்.

இதற்காக எப்போதும் நேரடியாகவே பதிவு செய்யுங்கள் என்று சொல்ல மாட்டோம். மேலே பார்த்த 900 பாயின்ட்டின் மதிப்பு சுமார் 540 ரூபாய். பயணத் தளத்தில் வரியோடு சேர்த்து அதைவிடப் பெரிய தொகை மிச்சமானால் அங்கேயே எடுங்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். மேரியட்டில் நேரடியாகப் பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள், அதே அறை, அதே தேதி, அதே கேன்சல் விதியோடு வெளியே குறைந்த வாடகை இருப்பதைக் காட்டினால், அந்த வாடகைக்கே இறக்கி, மேலும் 25 சதவீதத் தள்ளுபடியோ 5,000 பாயின்ட்டோ தருவார்கள். பெரும்பாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது அறை வகையோ காலை உணவோ பொருந்தாததால்தான். இரண்டு திரையையும் வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள்.

உறவினர்களோடு போகும்போது இன்னொரு விஷயம். நீங்களும் அங்கே தங்கி, பில்லையும் நீங்களே கட்டினால் மூன்று அறை வரை உங்கள் கணக்கில் பாயின்ட் சேரும். ஆளுக்கொரு பில் போட்டுப் பிரித்துக்கொண்டால் அது போய்விடும். கல்யாணம், நிச்சயதார்த்தம் என்று மண்டபத்தோடு அறைகளையும் ஹோட்டலில் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே உறுப்பினர் எண்ணை அதில் எழுதச் சொல்லுங்கள். பல லட்சம் பில் கட்டி முடித்தபின் கேட்டால் கிடைப்பது அரிது.

பெயரில் ஒரு குழப்பமும் உண்டு. கிளப் மேரியட் என்பது வருடக் கட்டணம் கட்டிச் சேரும் உணவகச் சலுகைத் திட்டம். போன்வாய் வேறு, அதில் சேரக் காசு கிடையாது.

கார்டும் மாற்றலும்

2023-இல் அறிமுகமான ஹெச்டிஎஃப்சி வங்கியின் மேரியட் போன்வாய் கார்டுக்கு வருடக் கட்டணம் 3,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 3,540. பதிலுக்கு 15,000 பாயின்ட் வரையிலான ஓர் இலவச இரவு. அதை 9,558 ரூபாய் நாளில் போட்டால் 6,018 ரூபாய் லாபம், 5,670 ரூபாய் நாளில் போட்டால் 2,130 ரூபாய்தான். இந்த இரவை வீணாக்குபவர்கள் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். இலவச இரவுக்குப் போட்டிருக்கும் காலாவதித் தேதி, தங்கி முடிக்க வேண்டிய தேதி. அன்றைக்குப் பதிவு செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். 15,500 கேட்கும் ஹோட்டலைப் பார்த்துவிட்டு "எல்லை தாண்டிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கில் இருக்கும் பாயின்ட்டைக் கொஞ்சம் சேர்த்து ஈடுகட்ட அனுமதி உண்டு.

மற்ற கிரெடிட் கார்டு பாயின்ட்டை ஹோட்டலுக்கு மாற்றுவது ஒருவழிப் பாதை. மாற்றியபின் திரும்பாது. விகிதத்தை வங்கிகள் அவ்வப்போது மாற்றுகின்றன, கணக்கில் ஏற நாள்கள் ஆகலாம். போகும் தேதியும் ஹோட்டலும் முடிவாகி, பாயின்ட் விலையைக் கண்ணால் பார்த்தபிறகே மாற்றுங்கள். போன்வாயில் பாயின்ட் போதாதபோதும் அறையைப் பிடித்து வைக்க முடியும், ஆனால் விலை உறுதியாகாது. பாயின்ட் வந்து சேரும்போது என்ன விலையோ அதுதான்.

விமான மைலுக்கு மாற்றும்போது 3 போன்வாய் பாயின்ட்டுக்கு 1 மைல் என்பது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் உள்ளிட்ட பல திட்டங்களுக்கான விகிதம். ஒரே தடவையில் 60,000 பாயின்ட்டாக மாற்றினால் 20,000 மைலுக்கு மேல் 5,000 மைல் கூடுதல். 50,000 அனுப்பிவிட்டு அடுத்த மாதம் 10,000 அனுப்புபவருக்கு அந்த 5,000 இல்லை. பாயின்ட்டைக் கொடுத்து கிஃப்ட் கார்டு, பொருள் வாங்குவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேண்டாம்.

பாயின்ட் கட்டாத செலவுகள்

எங்களைக் கேட்டால், மிகப் பெரிய அதிர்ச்சி காத்திருப்பது மாலத்தீவில்தான். ஐந்து இரவுக்கும் பாயின்ட் கட்டியாகிவிட்டது, இனி விமான டிக்கெட் மட்டும்தான் என்று கிளம்புகிறார்கள். மாலேயில் இருந்து ரிசார்ட் தீவுக்கு விரைவுப் படகோ கடல் விமானமோ ஹோட்டல் ஏற்பாட்டில்தான் போக வேண்டும். கடல் விமானத்துக்கு ஆளுக்குப் பல நூறு டாலர் ஆகும். ரிசார்ட்டுகளில் பசுமை வரி 2025 ஜனவரியிலிருந்து ஒரு நபருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். நால்வர், ஐந்து இரவு என்றால் 240 டாலர். தீவில் வேறு கடை கிடையாது, மூன்று வேளையும் ரிசார்ட் விலையில் சாப்பாடு. இவ்வளவையும் முதலில் சொன்ன கணக்கில் கழித்துப் பார்த்தால்தான் அந்தப் பயணம் மலிவா என்று தெரியும். படகில் போகும் தூரத்தில் உள்ள ரிசார்ட்டைத் தேர்ந்தெடுத்தால் செலவு கணிசமாகக் குறையும்.

துபாயில் ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு ஓர் இரவுக்கு 20 திர்ஹாம், மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறைக்கு 10 ரிங்கிட் என்ற சுற்றுலா வரிகள் சின்னத் தொகைதான், ஆனால் அவையும் உண்டு. அறை வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்று தனியாக வசூலிக்கும் ஊர்களில் ஹில்டனும் ஹயாத்தும் பாயின்ட் இரவுக்கு அதைத் தள்ளுபடி செய்கின்றன. மேரியட் செய்வதில்லை.

பாயின்ட் அறை பொதுவாக இரண்டு பெரியவர்களுக்கு. அம்மாவோ மாமியாரோ கூட வந்தால் மூன்றாவது ஆளைப் பதிவு செய்யும்போதே சேர்த்துத் தேடுங்கள், விலை மாறலாம். காலை உணவை நம்பி நிலையைத் துரத்துவதும் வீண். மேரியட்டில் 10 இரவு சில்வருக்கோ 25 இரவு கோல்டுக்கோ காலை உணவு கிடையாது, 50 இரவு பிளாட்டினம் வேண்டும். ஹில்டனிலோ அமெரிக்காவுக்கு வெளியே கோல்டுக்கே காலை உணவு உண்டு.

காலாவதியும் பெயரும்

போன்வாய், ஹில்டன், ஹயாத் மூன்றிலும் 24 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் பாயின்ட் போய்விடும். ஹாலிடே இன் ஹோட்டல்களின் நிறுவனமான ஐஹெச்ஜியில் நிலை எதுவும் இல்லாதவருக்கு 12 மாதம், அக்கோரிலும் 12 மாதம். உறவினரிடமிருந்து பாயின்ட் பெறுவதையும் அனுப்புவதையும் போன்வாய் அசைவாக எடுத்துக்கொள்ளாது. சேர்ப்பதோ செலவழிப்பதோதான் கணக்கு.

பாயின்ட் வந்து சேராமல் போவதற்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு: இனிஷியல். கணக்கில் "எஸ். முருகன்", பாஸ்போர்ட்டில் "முருகன் செல்வராஜ்", வங்கிக் கார்டில் "முருகன் எஸ்" என்று இருந்தால் ஹோட்டல் பதிவும் வங்கி மாற்றலும் ஒன்றோடொன்று பொருந்தாது, மாற்றல் நின்றுவிடும். கணக்கு தொடங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, இனிஷியலை விரித்து எழுதுங்கள். முன்பே தொடங்கியிருந்தால் பாயின்ட் குறைவாக இருக்கும்போதே வாடிக்கையாளர் சேவையிடம் சொல்லித் திருத்திவிடுங்கள். பெற்றோருக்காக உங்கள் பாயின்ட்டில் அறை எடுத்தால், தங்குபவர் பெயரை ஆதாரில் உள்ளபடி பதிவில் போடுங்கள், இல்லையென்றால் செக்-இன் மேசையில் வயதானவர்கள் நின்றுகொண்டிருக்க வேண்டிவரும்.

செக்-அவுட்டில் பில்லை வாங்கும்போது உறுப்பினர் எண் அதில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பத்து நாள் கழித்தும் பாயின்ட் ஏறவில்லை என்றால் செயலியில் விடுபட்ட தங்கல் என்று விண்ணப்பிக்கலாம். அப்போது கேட்பது அந்தப் பில்லைத்தான். மின்னஞ்சலில் வந்த பிடிஎஃப்பை அழித்துவிடாதீர்கள்.