தென்னை மரத்தடியில் ஏழு நிமிட ஷாட்

ஷாட்டை இழுத்துக்கொண்டே போனால் மெதுவான படம் வந்துவிடும் என்று நம்பி எடுக்கப்படும் குறும்படங்களில் கொட்டாவிதான் வரும். நேரம் நீள நீள ஃப்ரேமுக்குள் ஏதாவது மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மலையாள இயக்குநர் அரவிந்தன் (1935–1991) 1977இல் எடுத்த ‘காஞ்சன சீதா’வில் சீதைக்கு உருவமே கிடையாது. அசையும் மரமும் ஓடும் நீரும்தான் அவள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் படம் எடுப்பவர்களுக்கு அந்த அசைவு ஓசியிலேயே கிடைக்கிறது: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மைக்கைக் கெடுப்பதும் அதே காற்றுதான்.

பழகுவதற்கு ஒரே ஷாட் போதும். தோப்பில் ஒருவர் கள் இறக்க மரம் ஏறுகிறார். அடிமரம், பக்கத்து வாய்க்கால், தரையில் ஆடும் ஓலை நிழல், இவை மட்டும் ஃப்ரேமில் இருக்கட்டும். மரத்தின் தலை வேண்டாம். அவர் மேலே போய் மறைந்ததும் பாளையைத் தட்டும் சத்தம் மட்டும் இறங்கி வரும். பார்ப்பவர் மனம் அண்ணாந்து பார்க்கும், கேமரா அசையாது. இந்த வகைப் படத்தின் சூட்சுமம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

முந்தின நாளே கேமரா இல்லாமல் போய், “அண்ணா, நீங்க உங்க வேலையப் பாருங்க, நாங்க ஓரமா நிக்கிறோமுங்க” என்று சொல்லிவிட்டு, ஏற எவ்வளவு நேரம், மேலே எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தில் பார்த்து வையுங்கள். மறுநாள் அரை மணி முன்பே கேமராவை நிறுத்திவிடுங்கள். ‘தம்பு’ (1978) படத்துக்காக அரவிந்தன் திருநாவாயில், நம் சித்தூர்ப்புழை போய்ச் சேரும் அதே பாரதப்புழைக் கரையில், ஊர்க்காரர்களுக்கு நிஜ சர்க்கஸையே நடத்திக் காட்டினார். வேடிக்கையில் அவர்கள் கேமராவை மறந்துபோனார்கள். அந்த முகங்களை ஒத்திகை பார்த்து வாங்க முடியாது.

மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் காற்று ட்ரைபாடையே உலுக்கும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களில் தடித்த பகுதியை மட்டும் நீட்டி, நடுவில் 5 கிலோ மணல் பையைத் தரையைத் தொட்டும் தொடாமலும் கட்டுங்கள். முழுக்கத் தொங்கினால் பையே ஊஞ்சலாடி நடுக்கத்தைக் கூட்டும். கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள், அது படபடக்கும். கேமராவின் நடுக்கம் குறைக்கும் வசதியையும் (ஸ்டெபிலைசேஷன்) அணைத்துவிடுங்கள்.

நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, நிறச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) 5600 கெல்வின். ஒளி உணர்திறன் (ஐஎஸ்ஓ), ஃபோகஸ் எல்லாமே கையால். ஆட்டோ ஃபோகஸ் ஆடும் இலைக்கெல்லாம் ஓடும். ஆட்டோ எக்ஸ்போஷர், மேகம் கடக்கும்போது படத்தைத் தானாக வெளுக்க வைக்கும். கையால் பூட்டியிருந்தால் தோப்பு மெல்ல இருண்டு மெல்லத் தெளியும். அது நிகழ்ச்சி, விட்டுவிடாதீர்கள். வெயில் ஏறினால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரை லென்ஸ் முன் போடுங்கள். திருகித் திருகி இருட்டைக் கூட்டும் வேரியபிள் வகையைக் கடைசி வரை திருகினால் அகல லென்ஸில் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்தில் பதிவு செய்தால் நிமிடத்துக்கு 750 எம்பி, ஏழு நிமிடத்துக்கு ஐந்தே கால் ஜிபி. அதே மரத்தில் மறுபடி ஏறச் சொல்லக்கூடாது. அடுத்த டேக் அடுத்த மரத்தில்தான்.

ஒலிக்குத் தனி ரெக்கார்டர் வேண்டும். மரத்தின் காற்று படாத பக்கத்தில், ஃப்ரேமுக்கு வெளியே, மைக்குக்கு ரோம உறை மாட்டி வையுங்கள். அடி ஒலிகளை வெட்டும் லோ கட் 80 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். பாளைத் தட்டு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக்கூடாது. வெறும் பஞ்சு உறை இந்தக் காற்றைத் தாங்காது. கடமுடா சத்தம் பதிவாகிவிட்டால் எந்த மென்பொருளும் அதை முழுக்க எடுக்காது. படத்தையும் தனி ஒலியையும் பின்னால் பொருத்துவதற்காகக் கைதட்டுவதை ஷாட் முடிந்த பிறகு செய்யுங்கள், தொடக்கத்தில் தட்டினால் ஏறப்போகிறவர் திரும்பிப் பார்ப்பார். கடைசியில் மூன்று நிமிடம் யாரும் பேசாமல் தோப்பின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள்.

அவர் இறங்கிப் போன பிறகும் நாற்பது விநாடி கேமரா ஓடட்டும். எடிட்டில் எங்கே பொறுமை போகிறதோ அங்கே குறியிடுங்கள். அதிலிருந்து இருபது விநாடிக்குள் புதிதாக ஒரு சத்தமோ, நிழலோ, ஆளோ வந்தால் ஷாட் தாக்குப்பிடிக்கும். வராவிட்டால் குறியிட்ட இடத்திலேயே வெட்டுங்கள். இந்தச் சோதனையை லேப்டாப்பில் செய்யாதீர்கள், சின்னத் திரையில் பொறுமை சீக்கிரம் போய்விடும். சுவரில் புரொஜெக்டர் போட்டுப் பாருங்கள்.

வேகத்தைப் பாதியாகக் குறைப்பது குறுக்கு வழி. ஓலைகள் தண்ணீருக்குள் ஆடுவதுபோல் ஆகும், ஒலியும் பாழ். பின்னணியில் புல்லாங்குழல் ஒட்டுவதும் “இதோ ஆன்மிகம்” என்று போர்டு மாட்டுவதுதான். அரவிந்தனின் ‘போக்குவெயில்’ படத்தில் ஹரிபிரசாத் சௌரசியாவின் குழலும் ராஜீவ் தாராநாத்தின் சரோதும் உண்டே என்று கேட்கலாம். அங்கே இசை முதலில் பிறந்தது, காட்சிகளை அதற்கேற்ப அமைத்தார்கள். அப்படிச் செய்வதானால் படப்பிடிப்புக்குப் போகும் முன்பே இசை கையில் இருக்க வேண்டும்.