வல்லரசின் பக்கத்து வீட்டில்: சிறிய நாடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வல்லரசு ஒன்றின் எல்லையில் இருக்கும் சிறிய நாடு எங்கெல்லாம் தவறக்கூடும் என்பதைப் பின்லாந்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

எதிரே இருப்பவரின் அச்சத்தையும் தன் பலத்தையும் கணக்கிடாமல் மறுப்பது முதல் தவறு. 1939 அக்டோபரில் சோவியத் ஒன்றியம், எல்லையிலிருந்து சுமார் 32 கி.மீ. தொலைவில் இருந்த லெனின்கிராட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, எல்லைப் பகுதியான கரேலியாவில் எல்லையைப் பின்தள்ளவும் ஹாங்கோ துறைமுகத்தைக் குத்தகைக்குத் தரவும் பின்லாந்திடம் கேட்டது. பதிலுக்கு வேறு நிலம் தருவதாகவும் கூறியது. மாஸ்கோ போருக்கு வராது என்று நம்பிய பின்லாந்தின் வெளியுறவு அமைச்சர் எர்க்கோ உறுதியாக நின்றார். படையின் தட்டுப்பாட்டை அறிந்த மூத்த ராணுவத் தலைவர் மன்னர்ஹைமோ, ஓரளவு விட்டுக்கொடுக்கலாம் என்றார். நவம்பர் 30 அன்று போர் மூண்டது. இதனால் பணிந்து போவதே பாதுகாப்பு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அதே காலத்தில் சோவியத் தளங்களை ஏற்ற எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்றும் 1940இல் சுதந்திரத்தையே இழந்தன. மறுத்தது தவறல்ல, போர் வராது என்ற நம்பிக்கையில் மறுத்ததே தவறு என்பது என் கருத்து.

தொலைதூர அனுதாபத்தைப் படைபலமாக எண்ணுவது அடுத்த தவறு. உலக நாடுகள் சங்கம் அந்த டிசம்பரிலேயே சோவியத் ஒன்றியத்தை வெளியேற்றியது. பிரிட்டனும் பிரான்சும் படை அனுப்புவதாகச் சொன்னபோதிலும், நார்வேயும் சுவீடனும் வழிவிட மறுத்ததால் அந்தப் படை வந்து சேரவில்லை. 1940 மார்ச்சில் பின்லாந்து நிலத்தை இழந்து சமாதானம் செய்துகொண்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தனர்.

வல்லரசு நீட்டும் ஒப்பந்த வரைவை அப்படியே ஏற்பதும் ஆபத்தானது. 1948இல் ஹங்கேரியும் ருமேனியாவும் சோவியத்துடன் செய்திருந்த ராணுவ உதவி ஒப்பந்தங்களை சோவியத் தலைவர் ஸ்டாலின் மாதிரியாகக் காட்டியபோது, குடியரசுத் தலைவர் பாசிகிவியின் தரப்பு தன் சொந்த வாசகத்தை முன்வைத்தது. அதன்படி, ஜெர்மனியோ அதன் கூட்டாளியோ பின்லாந்தைத் தாக்கினாலோ, பின்லாந்து வழியாக சோவியத்தைத் தாக்கினாலோ மட்டுமே பின்லாந்து போரிடும். அதுவும் தன் எல்லைக்குள்தான். சோவியத் உதவி இருதரப்பும் ஒப்புக்கொண்டால்தான் வரும். வல்லரசுகளின் மோதலிலிருந்து விலகியிருக்கும் பின்லாந்தின் விருப்பம் முன்னுரையிலேயே இடம்பெற்றது. முந்தைய ஆண்டு, ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா அளித்த மார்ஷல் திட்ட உதவியை மறுத்தது பெரிய விலைதான். ஆனால் அந்த விலையைக் கொடுத்த பின்லாந்தில் தேர்தலும் நாடாளுமன்றமும் தொடர்ந்தன.

நான்காவது தவறு வெற்றிக்குள்ளேயே முளைப்பது: உறவு முழுவதையும் ஒரே தலைவரின் கையில் விட்டுவிடுவது. 1961இல் அந்த ஒப்பந்தப்படி ராணுவ ஆலோசனை கோரி மாஸ்கோ அனுப்பிய குறிப்பு நெருக்கடியைக் கிளப்பியபோது, அப்போதைய குடியரசுத் தலைவர் கெக்கோனன் சோவியத் தலைவர் குருஷ்சேவை நேரில் சந்தித்தார். குடியரசுத் தலைவர் தேர்தலில் கெக்கோனனை எதிர்த்து நின்ற ஹொங்கா போட்டியிலிருந்தே விலகினார். 1973இல், ஐரோப்பிய வணிக ஒப்பந்தத்தால் மாஸ்கோ கலங்கக்கூடாது என்பதற்காக, நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, மக்களிடம் வாக்குக் கேட்காமலே கெக்கோனனின் பதவிக்காலத்தை நான்கு ஆண்டுகள் நீட்டித்தது.