இதழை விட்டுப் போகும் தொழில்நுட்ப ஆசிரியருக்குக் கையொப்பக் குவில்ட் தைப்பது எப்படி

மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வையைத்தான் அமெரிக்காவில் குவில்ட் என்கிறார்கள். அதற்கென்றே அங்கு இதழ்கள் நடக்கின்றன. போனி லெமன் 1969-இல் கொலராடோவில் தொடங்கிய 'குவில்டர்ஸ் நியூஸ்லெட்டர்' 2016 வரை வந்துகொண்டிருந்தது. இத்தகைய இதழில் தொழில்நுட்ப ஆசிரியரின் பெயரை வாசகர்கள் அதிகம் கவனிப்பதில்லை என்றாலும், எத்தனை கெஜம் துணி வேண்டும், எந்தத் துண்டை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று அச்சாகும் ஒவ்வோர் எண்ணையும் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பவர் அவர்தான். அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு கால் அங்குலம் ஆயிரக்கணக்கான வீடுகளில் துணியை வீணாக்கிவிடும். அப்படிப்பட்டவரை ஒரு கேக்கோடும் வாழ்த்து அட்டையோடும் அனுப்பிவைப்பது போதாது, உடன் வேலை செய்தவர்கள் சதுரத்துக்கு ஒருவராகக் கையெழுத்திட்டு, அளவு பிசகாமல் தைத்த ஒரு குவில்ட்டைக் கொடுப்பதே முறை என்பது என் கட்சி.

இது புதிய வழக்கமன்று. 1840-களில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு உறவினரும் ஊராரும் தத்தம் பெயரை எழுதிய சதுரங்களை ஒன்றாகத் தைத்துக் கொடுத்தனுப்பினார்கள். இரும்புச் சத்துள்ள பழைய மைகள் துணியை அரித்துவிடும் என்பதால், நல்ல அழியா மை கடைகளில் கிடைக்கத் தொடங்கிய பிறகே அந்த வழக்கம் பரவியது. அக்காலக் குவில்ட்கள் சிலவற்றில் எழுத்து இருந்த இடத்தில் இன்று ஓட்டைதான் இருக்கிறது. ஆகவே பேனா விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கரையாத நிறமி மை கொண்ட மெல்லிய முனைப் பேனாக்களை வாங்கி, முதலில் ஒரு வெட்டுத்துண்டில் எழுதித் துவைத்துப் பாருங்கள்.

எவ்வளவு காலம் கையில் இருக்கிறது என்பதை முதலில் கணக்கிடுங்கள். ஓய்வுபெறுபவர் என்றால் பல மாதங்கள் கிடைக்கும். வேறு வேலைக்குப் போகிறவரோ அமெரிக்க வழக்கப்படி இரண்டு வாரத்துக்கு முன்புதான் சொல்வார். அந்த இரண்டு வாரத்தில் முழுக் குவில்ட்டைத் தைக்க முயன்று கோணலாக முடிப்பதைவிட, ஒன்பது சதுரங்களில் 18 அங்குலத் தலையணை உறை தைத்துக் கொடுப்பது நல்லது. கீழே சொல்லும் அளவுகள் இருபது பேர் கையெழுத்திடும் குவில்ட்டுக்கானவை.

தைத்து முடித்தபின் ஒரு சதுரத்தின் அளவு 6 அங்குலம். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் வெள்ளைத் துணியை 6½ அங்குலச் சதுரமாக வெட்ட வேண்டும். ஓரக்கரையை நீக்கிய பின் துணியின் அகலம் 42 அங்குலம் என்றால், 6½ அங்குல உயரப் பட்டை ஒன்றில் ஆறு சதுரங்கள் கிடைக்கும். நான்கு பட்டைகளுக்கு 26 அங்குலத் துணி செலவாகும். முக்கால் கெஜத்தில், அதாவது 27 அங்குலத்தில், இதை அடக்கிவிடலாம் என்றாலும் துவைத்தால் துணி சுருங்கும் என்பதால் ஒரு கெஜமாகவே வாங்குங்கள். நான்கு பட்டைகளில் கிடைப்பவை இருபத்து நான்கு சதுரங்கள். யாராவது ஒருவர் எழுத்துப் பிழையோடு எழுதிவிடுவார், இன்னொருவர் காப்பியைக் கொட்டிவிடுவார் என்பதால் மிஞ்சும் நான்கும் வீணாகப் போவதில்லை.

ஒவ்வொரு வெள்ளைச் சதுரத்திலும் எதிரெதிரான இரண்டு மூலைகளுக்கு என்று 3½ அங்குல வண்ணச் சதுரங்கள் நாற்பது வேண்டும். 42-ஐ 3½-ஆல் வகுத்தால் சரியாகப் பன்னிரண்டு வருகிறது என்று மகிழ்ந்து எழுதிவிடத் தோன்றும். போகப்போகிறவர் மேசையில் அந்தக் கணக்கு வந்திருந்தால் உடனே சிவப்பு மையால் அடித்திருப்பார். ஏனென்றால் கடைத்துணியில் ஓரக்கரை நீங்கியபின் சில சமயம் 41 அங்குலம்கூடத் தேறாது. பட்டைக்குப் பதினொன்று என்றே கணக்கு வையுங்கள். புதிய துணிக்குப் பதிலாக, அவர் சரிபார்த்த மாதிரிகளைத் தைத்தபோது அலுவலக அலமாரியில் மிஞ்சிய துண்டுகளைப் பயன்படுத்தினால் இன்னும் பொருத்தம். எந்தத் துண்டு எந்த இதழின் அட்டைப்படத்தில் வந்தது என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

வண்ணச் சதுரத்தின் பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு, அதை வெள்ளைச் சதுரத்தின் ஒரு மூலையில், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து, அந்தக் கோடு வெள்ளைச் சதுரத்தின் மூலையை வெட்டிச் செல்வதுபோல் அமைத்துத் தைக்கவும். தையலுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டி, முக்கோணத்தை வெளிப்பக்கம் மடித்து இஸ்திரி போடவும். எதிர் மூலையிலும் அப்படியே செய்தால், நடுவில் நாலே கால் அங்குல அகலத்துக்கு வெள்ளை இடம் கையெழுத்துக்காகக் குறுக்கே ஓடும். சதுரங்களை மாற்றி மாற்றித் திருப்பி அடுக்கினால் வண்ண முக்கோணங்கள் நான்கு நான்காகக் கூடி, முனையில் நிற்கும் கட்டங்களாகத் தெரியும்.

கையெழுத்து வாங்குவதுதான் மிகவும் கஷ்டமான கட்டம். துணி பேனாவோடு சேர்ந்து நகரும். அமெரிக்கச் சமையலறைகளில் இறைச்சி பொதியப் பயன்படும், ஒரு பக்கம் மெழுகு போலப் பளபளக்கும் ஃப்ரீசர் பேப்பரை வெட்டி, பளபளப்பான பக்கம் துணியின் பின்புறம் படுமாறு வைத்து இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும். எழுதி முடித்ததும் கறையில்லாமல் உரித்தெடுத்துவிடலாம். வெட்டு விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே பென்சிலால் எல்லை போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பெயர் தையலுக்குள் போய்விடும். வெளியூரில் இருந்து எழுதும் வடிவமைப்பாளர்களுக்குச் சதுரம், பேனா, தபால்தலை ஒட்டிய திருப்பி அனுப்பும் உறை மூன்றையும் சேர்த்தே அனுப்புங்கள். பேனாவை அவர்கள் பொறுப்பில் விட்டால் பந்துமுனைப் பேனாவால் எழுதி அனுப்பிவிடுவார்கள். மை ஒரு நாள் உலர்ந்ததும் நீராவி இல்லாமல் இஸ்திரி போடவும்.

என்ன எழுதுவது என்று எல்லோரும் கேட்பார்கள். 'எங்கிருந்தாலும் வாழ்க' என்ற பொது வாழ்த்துக்கு ஒரு சதுரம் துணி அதிகம். 'ஓரப்பட்டிக் கணக்கில் நான் விட்ட எட்டு அங்குலத்தைக் கண்டுபிடித்தவருக்கு' என்பது போல, அவரோடு நடந்த ஒன்றை ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள்.

இருபது சதுரங்களை நான்குக்கு ஐந்தாகச் சேர்த்தால் 24-க்கு 30 அங்குலம் வரும். சுற்றிலும் 3 அங்குலக் கரை வைக்க, 3½ அங்குலப் பட்டைகள் நான்கையும் 30½ அங்குல நீளத்தில் வெட்டலாம். பக்கக் கரைகளை முதலில் தைத்துவிட்டால் மேலும் கீழும் அதே நீளம்தான் வேண்டியிருக்கும். அடித்துணியும் பஞ்சும் ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, 38-க்கு 44 அங்குலம் இருக்கட்டும். விளிம்பைச் சுற்றி மடித்துத் தைக்கும் ஓரப்பட்டிக்கு 2½ அங்குலப் பட்டைகள் நான்கு போதும். மூன்று அடுக்கையும் பிணைக்கும் நடுத்தையலை எழுத்துகளின் மேல் ஓட்டாமல் வண்ண முக்கோணங்களின் ஓரமாகவே ஓட்டுங்கள். பின்பக்கம் ஒரு துண்டுத் துணியில் யாருக்கு, யார், எந்த ஊரில், எந்த ஆண்டு தைத்தது என்பதை எழுதித் தைத்துவிடுங்கள்.

அவர் போவதைப் பற்றி இதழில் வாசகர்களுக்கு எழுதும் பிரியாவிடைக் குறிப்பில் இன்னொரு கணக்கு உண்டு. இதழ்கள் பல மாதங்கள் முன்கூட்டியே தயாராவதால், அவர் கடைசியாகச் சரிபார்த்த இதழ் அவர் போன பிறகே வெளிவரும். ஆசிரியர் குழுப் பட்டியலில் அவர் பெயர் அந்த இதழ்வரை இருக்க வேண்டும். பிரியாவிடைக் குறிப்பும் அதிலேயே, 'போகிறார்' என்றில்லாமல் 'போய்விட்டார்' என்று இறந்தகாலத்தில் வரட்டும்.

குவில்ட்டைக் கொடுக்கும்போது மடித்துப் பெட்டியில் வைக்காமல் பெரிய வெட்டுமேசையில் விரித்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். அவர் முதலில் அளவுகோலைத்தான் தேடுவார், பக்கத்திலேயே வைத்திருங்கள்.