செய்யாத தப்புக்கு இ-சலான் வந்தால் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் இ-சலான் (ஆன்லைனில் வரும் போக்குவரத்து அபராத நோட்டீஸ்) வந்தால் பாதிப் பேர் ‘ஆயிரம் ரூபாய்தானே, கோர்ட்டுக்கு யார் அலைவது’ என்று கட்டித் தொலைத்துவிடுகிறார்கள். ஹெல்மெட் போடாமல் போனீர்கள் என்றால் கட்டுங்கள், அதில் பேச ஒன்றுமில்லை. செய்யாத தப்புக்கு மட்டும் அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். கட்டிவிட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு, அப்புறம் வாதாடுவது ரொம்பக் கஷ்டம்.

முதலில் அது நிஜ சலானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைலோடு (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) வருவது மோசடி, தொடவே கூடாது. மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

அங்கே இருக்கும் படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், பாதிக் கேஸ் அதிலேயே தெரிந்துவிடும். வேறொருவர் நம்பர் பிளேட்டில் 8 இருந்ததை 3 என்று கேமரா படித்திருக்கலாம், அல்லது உங்கள் நம்பரை வேறு எவனோ தன் வண்டியில் மாட்டிக்கொண்டு சுற்றலாம். டேங்க் நிறம், பின்பக்கக் கம்பி, மட்கார்டு, ஸ்டிக்கர் எல்லாவற்றையும் உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். அதே கோணத்தில் உங்கள் வண்டியையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். சலானில் உள்ள நேரத்தில் வண்டி வேறு இடத்தில் நின்றது என்றால் பார்க்கிங் டோக்கன், அபார்ட்மெண்ட் சிசிடிவி, கார் என்றால் ஃபாஸ்டேக் பதிவு, எது கிடைத்தாலும் உடனே எடுத்துவிடுங்கள். சிசிடிவி பதிவு சீக்கிரம் அழிந்துவிடும்.

2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின் 167ஏ விதிப்படி, கேமரா பிடித்த குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். படம், இடம், தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதில் எது இல்லை என்றாலும் குறித்துக்கொண்டு, அதே தளத்தில் புகார் பகுதியில் ஆதாரத்தோடு எழுதிப் போடுங்கள். தெளிவான நம்பர் குளறுபடி என்றால் இதிலேயே முடிய வாய்ப்புண்டு.

முடியவில்லையா? சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைன் நீதிமன்றம்) போன பிறகு அங்கே இரண்டு வழி இருக்கும்: அபராதம் கட்டுவது, வழக்கை எதிர்கொள்வது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு சம்பந்தப்பட்ட எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். ‘இல்லை’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, ஆதார நகல்களைக் கொடுங்கள். நிரூபிக்க வேண்டிய வேலை போலீசுடையது. கேமரா படத்தை ஆதாரமாக வைத்தால் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும், அதைக் கேளுங்கள். பழைய சலானைத் தூசி தட்டி எடுத்து வந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை 6 மாதத்துக்குள் கோர்ட்டில் தாக்கல் செய்திருக்க வேண்டும். தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டினாலோ, நீதியின் நலனுக்குத் தேவை என்று கோர்ட் நினைத்தாலோதான் விதிவிலக்கு. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இலவச சட்ட உதவிக்கு 15100 இருக்கிறது.

ரோட்டில் நிறுத்தி ‘பார்த்துப் போட்டுக் குடு, கேஸ் இல்லாம அனுப்பிடறேன்’ என்று பேசும் போலீஸ்காரர்களைக் கையாள்வது வேறு விஷயம். குரலை மட்டும் உயர்த்தாதீர்கள், பணி செய்யவிடாமல் தடுத்ததாகப் பெரிய கேஸ் போட அது ஒன்றே போதும். டிஜிலாக்கரில் (மத்திய அரசின் ஆவண ஆப்) ஆர்.சி.யும் லைசென்ஸும் காட்டினாலே செல்லும், ஒரிஜினல் கேட்டு மிரட்டினால் அதே மோட்டார் வாகன விதிகளின் 139ஆம் விதியைச் சொல்லுங்கள். “சார், சலான் போடுங்க, நான் ஆன்லைன்ல பாத்துக்கறேன்” என்ற ஒரே வரியைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சென்னையில் 2018லேயே ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், அதனால் ரசீதில்லாமல் கையில் கேட்கிற காசு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். லைசென்ஸைப் பிடுங்கி வைத்தால் எழுத்துமூலம் ஒப்புகைச் சீட்டு கேளுங்கள், மோட்டார் வாகனச் சட்டம் 206ஆம் பிரிவுப்படி கொடுத்தே ஆக வேண்டும்.

சட்டையில் உள்ள பெயர், நேரம், இடம், ரோந்து வண்டி எண் இவற்றை அங்கிருந்து கிளம்பியதும் போனில் எழுதி வையுங்கள். லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லலாம். மிரட்டலுக்குப் பயந்து கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் 7 நாளுக்குள் புகார் செய்துவிடுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான், கட்டாயத்தால் கொடுத்தேன் என்று அந்தக் கெடுவுக்குள் சொன்னவருக்கு விலக்கு உண்டு.