கார் ஏசியில் சூடான காற்று வருகிறதா? கேஸ் போடுவதற்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள்

ஏசியைப் போட்டும் அனல் காற்று வந்தால் உடனே காதில் விழும் பதில், "கேஸ் குறைஞ்சிருக்கும், போட்டா சரியாயிடும்." தயவுசெய்து அதற்கு உடனே தலையாட்டாதீர்கள். ஏசி கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை, மூடிய குழாய்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் துளித்துளியாகக் கசியும், அது உண்மை. ஆனால் போட்டுச் சில வாரத்திலேயே கூலிங் போய்விட்டதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, இல்லையென்றால் கோளாறு கேஸிலேயே இல்லை.

முதலில் கவனிக்க வேண்டியது, சூடு எப்போது வருகிறது என்பதை. எப்போதுமா, வண்டி நிற்கும்போது மட்டுமா, அரை மணி நேரம் ஓடிய பிறகா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

என் காரில் ஓடும்போது நல்ல கூலிங் இருக்கும், சிக்னலில் நின்றால் இரண்டே நிமிடத்தில் வெந்நீர்ப் பானைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தடவை கேஸ் போட்டார்கள், இரண்டாவது தடவைக்குப் பிறகு இன்னும் மோசமானது. கேஸ் அளவுக்கு மீறினாலும் கூலிங் குறையும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில் நானே பானட்டைத் திறந்து வைத்து ஏசியைப் போட்டுப் பார்த்தேன்: ரேடியேட்டர் பக்கத்து ஃபேன் அசையவே இல்லை. ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச்தான் ரிலே. ஃபியூஸ் பெட்டியில் அதே எண் போட்ட ஹாரன் ரிலேயைக் கழற்றி ஃபேன் ரிலே இருந்த இடத்தில் செருகியதும் ஃபேன் விர்ரென்று சுற்றியது. கெட்டுப்போனது அந்தச் சின்ன ரிலே மட்டும்தான்.

ஆகவே, நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்றால் ஃபேனையும் கண்டென்சரையும் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டென்சர்தான் கேஸின் சூட்டை வெளியே தள்ளுகிறது. அதில் தூசி, பூச்சி, காய்ந்த இலை அடைத்திருந்தால் சாதாரண ஹோஸ் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

எப்போதுமே சூடான காற்றுதான் என்றால் அடுத்தது, கேஸை அமுக்கிச் சுற்றவிடும் கம்ப்ரசர். எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே ஒருவரை ஏசி பட்டனை அமுக்கச் சொல்லிவிட்டு முன்னால் நின்று கேளுங்கள். தேவைப்படும்போது மட்டும் கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் உள்ள வண்டியாக இருந்தால் "டக்" என்று ஒரு சத்தம் வரும், புல்லியின் நடுவில் உள்ள தட்டும் கூடவே சுற்றத் தொடங்கும். கையையும் தளர்ந்த துணியையும் பெல்ட், ஃபேன் பக்கம் கொண்டு போகாதீர்கள், ஃபேன் எந்த நொடியிலும் ஓட ஆரம்பிக்கலாம். சில புதிய வண்டிகளில் கிளட்ச்சே கிடையாது, அவற்றில் இந்தச் சோதனை பயன்படாது.

டக் சத்தமே இல்லையா? ஃபியூஸ், ரிலே, கிளட்ச்சுக்குப் போகும் ஒயர் இவற்றைப் பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால் கேஸ் நிஜமாகவே குறைந்திருக்கலாம், ஏனென்றால் அழுத்தம் ரொம்பக் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவிடாது. இந்த சுவிட்ச்சை நேராக இணைத்து ஓட்டச் சொல்பவர்கள் உண்டு, செய்யவே செய்யாதீர்கள். கம்ப்ரசருக்குத் தேவையான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் கம்ப்ரசர் உள்ளுக்குள் உராய்ந்தே பாழாகும்.

கம்ப்ரசர் ஓடுகிறது, ஆனாலும் சூடு என்றால் சில நிமிடம் ஓடவிட்டு, எஞ்சினை அணைத்த கையோடு ஏசி குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும், மெல்லிய குழாய் சூடாக இருக்கும், அதனால் விரல் நுனியால் மட்டும் தொடுங்கள். தடித்த குழாய் நன்றாகச் சில்லிட்டிருந்தும் உள்ளே அனல் அடித்தால் ஏசி வேலை செய்கிறது, டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் காற்றைக் கலக்கும் கதவு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு, டேஷ்போர்டுக்குள் டக்டக் சத்தம் என்றாலும் பெரும்பாலும் அந்தக் கதவின் மோட்டார்தான்.

கொஞ்ச நேரம் நன்றாகக் குளிர்ந்து, அப்புறம் காற்றே குறைந்து சூடாகிறதா? டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில் மேல் பனி கட்டியிருக்கும். ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் 15 நிமிடம் ஓடவிடுங்கள், பனி உருகிக் காற்று திரும்ப வரும். அதன் பிறகு காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், பல நேரம் கறுத்து அடைத்துப்போயிருக்கும்.

இத்தனையும் பார்த்து கேஸ்தான் குறைவு என்று உறுதியானால், குழாய் இணைப்புகளிலும் கண்டென்சர் ஓரங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிய இடம் தெரிகிறதா என்று தேடுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான். இதற்கு மேல் உள்ள வேலையை ஏசி மெக்கானிக்கிடம் விடுங்கள், திரவமாகத் தெறிக்கும் கேஸ் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். அவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: கசிவை அடைத்தீர்களா, வேக்குவம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி) எடுத்தீர்களா, பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு ஏற்றினீர்களா? கேஸிலும் வகை உண்டு: பல வண்டிகளில் ஆர்134ஏ, சில புதிய வண்டிகளில் ஆர்1234ஒய்எஃப், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஏற்றக் கூடாது.

வண்டியை எடுக்கும் முன் நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, 10 நிமிடம் பாருங்கள். பொதுவாக 5 முதல் 10 டிகிரி செல்சியஸுக்குள் வரும், கடும் வெயிலிலும் புழுக்கத்திலும் சற்றுக் கூடும். வண்டி நிற்கும்போதும் அது ஏறாமல் இருந்தால் ஓட்டிக்கொண்டு கிளம்பலாம்.