லூப் என்வலப்: தாளம் எங்கே நழுவுகிறது?

வெள்ளவத்தையில் தம்பி ஒருவனின் அறை. பைலாப் பாட்டொன்றுக்கு (இலங்கையின் ஆட்டப் பாட்டு வகை) பேட் சவுண்ட், அதாவது பின்னணியில் நீண்டு ஒலிக்கும் சவுண்ட் செய்துகொண்டிருந்தோம். சிந்தசைசரில் ஒரு லூப் என்வலப், அதாவது கீயைப் பிடித்திருக்கும்வரை திரும்பத் திரும்பச் சுற்றும் ஏற்ற இறக்கம், ஒலியைத் தெளிவாக்கியும் மங்கலாக்கியும் விடும் பில்டரைத் திறந்து திறந்து மூடியது. தனியே கேட்க அழகுதான். ட்ரம்ஸைச் சேர்த்ததும் கால் தட்டவே முடியவில்லை. "ஏன் அண்ணா ஒட்டுதில்லை?" என்றான்.

டெம்போ நிமிடத்துக்கு 120 பீட். ஒரு பீட்டுக்கு 500 மில்லிசெக்கன் என்று கணக்குப் போட்டு, சுற்றின் நீளத்தையும் 500 ஆக வைத்திருந்தான். கணக்கு பிழையில்லை. ஆனால் பைலா 6/8. ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு முழு வட்டம்) 1500 மில்லிசெக்கன், அதற்குள் 250 மில்லிசெக்கனுக்கு ஒன்றாக ஆறு தட்டு, மும்மூன்றாக இரண்டு கூட்டம். 500இல் சுற்றும் என்வலப் அதே ஆறையும் இரண்டிரண்டாக வெட்டுகிறது. 750க்கு மாற்றியதும் பாட்டு ஆடத் தொடங்கியது.

அதிலும் ஒரு சிக்கல். சுற்றின் நீளம் என்பது டிகே (உச்சியிலிருந்து இறங்கும் நேரம்) மட்டுமல்ல, அட்டாக்கும் (உச்சிக்கு ஏறும் நேரம்) சேர்ந்ததுதான். டிகேயை 750 ஆக வைத்துவிட்டு, மென்மைக்காக அட்டாக்கில் 30 கூட்டினால் முதல் சுற்றில் எதுவும் தெரியாது. எட்டுச் சுற்று போனதும் 240 மில்லிசெக்கன் பின்தங்கியிருக்கும், கிட்டத்தட்ட ஒரு முழுத் தட்டு. அட்டாக் 30 என்றால் டிகே 720.

நான் அடிக்கடி காணும் தவறு வேறு. லூப் என்வலப் பாட்டின் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, நம் விரலைத்தான் பார்க்கிறது. கீயை அழுத்திய கணத்தில் தொடங்கும், அதுவும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாக. இரண்டு ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைச் சற்றுத் தாமதித்துச் சேர்த்தால், அது கடைசிவரை அந்தத் தாமதத்துடனேயே துடிக்கும். மழைத்தூறல் போன்ற சவுண்டுக்கு அது அருமை. எல்லாம் ஒன்றாகத் துடிக்கவேண்டுமென்றால் மிடி ஸ்வரங்களை (கணினியில் பதிந்த ஸ்வரக் குறிப்புகளை) ஒரே கோட்டில் நிறுத்துங்கள், அல்லது டெம்போவுடன் பூட்டிய எல்எஃப்ஓவுக்கு, அதாவது ஒலியை மெதுவாக ஆட்டும் அலைக்குப் போங்கள். வைட்டல் என்ற மென்பொருள் சிந்தசைசரில் எல்எஃப்ஓவின் வடிவத்தை நீங்களே வரையலாம், பாதி வேலைக்கு அதுவே போதும்.

சரி, அந்த 'டிக்' சத்தம். சுற்று முடியும் மட்டமும் தொடங்கும் மட்டமும் வேறாக இருந்தால் ஒலி அங்கே ஒரே தாவாகத் தாவும். என்வலப் வொலியூமை ஆட்டும்போது அது காதில் குத்தும். ஏபிள்டன் மென்பொருளின் ஆபரேட்டர் சிந்தசைசரில் லூப் முறையில், கீ அழுத்தியிருக்கும்வரை என்வலப் சஸ்டெய்ன் மட்டத்தை (டிகே இறங்கி நிற்கும் மட்டம்) தொட்டதும் ஆரம்ப மட்டத்துக்குத் திரும்பும். ஆகவே அந்த இரண்டையும் சமமாக வையுங்கள். அட்டாக்குக்கும் 5 மில்லிசெக்கனாவது கொடுங்கள். லேப்டொப் ஸ்பீக்கரில் இது மறைந்துவிடும், ஹெட்போனில் கேளுங்கள்.

சுற்றை 50 மில்லிசெக்கனுக்குக் கீழே குறைத்தால் செக்கனுக்கு 20 தடவைக்கு மேல் ஓடும். அப்புறம் அது தாளமாகக் கேட்காது, கரகரப்பாகிவிடும்.

விரலை எடுத்ததும் பெரும்பாலும் சுற்று நின்று ரிலீஸ், அதாவது ஒலி அடங்கும் கட்டம் தொடங்கும். துடிப்பு நீளட்டும் என்று ரிலீஸைக் கூட்டினால் துடிப்பில்லாத வால்தான் நீளும், அது அடுத்த ஸ்வரங்களையும் மூடிவிடும். தம்பியின் பாட்டில் கடைசி ஸ்வரத்தை மிடியில் இரண்டு பார் இழுத்துவிட்டு, ட்ராக்கின் வொலியூமை மெல்ல இறக்கினோம். பேட் துடித்தபடியே மறைந்தது.